கடை வாசலோடு நின்றுபோகும் புகார்கள்

2025 செப்டம்பர் 22 அன்று சரக்கு, சேவை வரி விகிதங்கள் மாறின. ஏ.சி.க்கும் பெரிய திரை டி.வி.க்கும் 28 விழுக்காடாக இருந்த வரி 18 ஆனது. ஷாம்பு, பற்பசை, சோப்பு போன்றவற்றுக்கு 18 விழுக்காடு 5 ஆனது. குறைந்த வரி வாங்குபவரின் கைக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்டுப் புகார் செய்ய, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் தனிப் பிரிவே திறக்கப்பட்டது. ஆனால் அந்த எண்ணை அழைப்பவரிடம் முதலில் கேட்கப்படுவது பில். எவ்வளவு வரி போட்டார்கள், எந்தத் தேதியில் விற்றார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அந்தத் தாள் இல்லாத வீட்டில் வரி குறைந்த செய்தி வெறும் செய்தியாகவே தங்கிவிடுகிறது.

இந்தியாவின் முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் இடத்தில் 2019-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இந்த நாற்பது ஆண்டுகளில் சட்டம் வாங்குபவரை நோக்கி வெகுதூரம் நடந்து வந்திருக்கிறது. வாங்குபவரின் புகார்தான் கடை வாசலைத் தாண்டுவதில்லை. கடைக்காரரிடம் சத்தம் போடுகிறோம், பக்கத்து வீட்டில் சொல்லி ஆதங்கப்படுகிறோம், அடுத்த முறை வேறு கடைக்குப் போகிறோம். வாயில் பிறந்த புகார் வாயோடு முடிந்துவிடுகிறது. சட்டமோ எழுத்திலிருந்துதான் தொடங்குகிறது. இந்த இடைவெளியை அடைக்க இன்னொரு சட்டம் வேண்டியதில்லை. பில் வாங்குவதும் ஒரு பக்கக் கடிதம் எழுதுவதும் ஊர்ப்பழக்கமானால் போதும். அப்படி ஒரு பழக்கத்தை ஊரே சேர்ந்து உண்டாக்க வாய்ப்புள்ள இடம் தமிழ்நாட்டில் உண்டென்றால் அது நெய்வேலி நகரியம்.

சம்பள ஊரின் சந்தை

நெய்வேலி மற்ற ஊர்களைப் போல வளர்ந்த ஊரன்று. 1956 நவம்பரில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு, சுரங்கத்துக்காகவும் அனல்மின் நிலையத்துக்காகவும் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர். வட்டம் வட்டமாகப் பிரித்து, குடியிருப்பும் பள்ளியும் மருத்துவமனையும் கடைத்தெருவும் நிறுவனமே அமைத்தது. நகராட்சியோ பேரூராட்சியோ இங்கே இல்லை. குடிநீர், சாலை, தெருவிளக்கு எல்லாம் நிறுவனத்தின் நகர நிர்வாகத்தைச் சேர்ந்தவை. வீட்டில் குழாய் ஒழுகினால் புகார் பதிவு செய்து, ஆள் வரும்வரை விடாமல் கேட்பது குவார்ட்டர்ஸ்வாசிகளுக்குக் கைவந்த கலை. அதே குடும்பம் 18,000 ரூபாய் கொடுத்து வாங்கிய வாஷிங் மெஷின் இரண்டாம் மாதமே நின்றுபோனால், கடைக்கு நாலு நடை நடந்து அலுத்து, உள்ளூர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொள்கிறது. நிறுவனத்திடம் கேட்பதற்கு இருக்கும் உரிமை உணர்வு விற்பனையாளரிடம் கேட்கும்போது காணாமல் போகிறது.

மாதா மாதம் சம்பளம் தவறாமல் வரும் ஊர் என்பதால் விற்பவர்களும் இங்கே தேடி வருகிறார்கள். குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி, இன்வெர்ட்டர், இருசக்கர வண்டி, ஸ்மார்ட்போன் என எல்லாமே தவணைக்குக் கிடைக்கும். நிரந்தரத் தொழிலாளி ஓய்வுபெறும் காலத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். பணிக்கொடைப் பணம் கையில் இருக்கும். வடலூர், இந்திரா நகர், பண்ருட்டிப் பக்கம் மனை காட்டுகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இன்னும் நெருக்கடியானது. அவர் வாங்கும் 12,000 ரூபாய் ஃபோன் அவருடைய ஒரு மாத உழைப்பில் பெரும்பகுதி. அது பழுதானால் நட்டம் அவருக்கு வீட்டு வாடகை அளவுக்குப் பெரியது. ஆனால் பழுதை நிரூபிக்க, நுகர்வோர் ஆணையம் இருக்கும் கடலூருக்குப் போய்வர ஒருநாள் ஷிஃப்டை விட்டால் அன்றைய கூலியும் போகும். சட்டம் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அது எட்டாத தூரத்தில் இருப்பது இப்படித்தான்.

தவணையில் வாங்கியவருக்கு முழுப்பணமும் கட்டி முடிக்கும்வரை உரிமை இல்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. பாதி கொடுத்து மீதி தருவதாக ஒப்புக்கொண்டவரும், தவணைமுறையில் வாங்கியவரும் சட்டப்படி நுகர்வோரே. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்தும் மனைவியும் மகனும்கூட நுகர்வோரே. மறுவிற்பனைக்காகவும் வணிகத்துக்காகவும் வாங்கியவர்தான் பொதுவாக இதற்கு வெளியே நிற்கிறார். அவரிலும், சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்தத் தையல் இயந்திரமோ ஜெராக்ஸ் இயந்திரமோ வாங்கியவருக்குச் சட்டம் இடம் தருகிறது.

எஸ்டிமேட் என்னும் துண்டுச் சீட்டு

பொருள் வாங்கியதும் கையில் தரப்படும் தாளை உற்றுப் பார்க்க வேண்டும். பல கடைகளில் அதன் தலைப்பில் ‘எஸ்டிமேட்’ என்று இருக்கும். கடையின் பெயர் இருக்காது, அல்லது பெயர் இருந்தால் முகவரி இருக்காது. வரிசை எண் இருக்காது. கீழே பென்சிலால் ஒரு கூட்டல். இது பில் அல்ல. விலை மதிப்பீடு மட்டுமே. நாளைக்கு இந்தக் கடையில்தான் வாங்கினேன் என்று சொல்ல இந்தச் சீட்டு பெரிதாக உதவாது. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புப் பொது விதிகள் பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கின்றன: விற்பவரின் பெயரும் முகவரியும், வரிசை எண், தேதி, வாங்குபவரின் பெயர், பொருளின் விவரமும் அளவும், வரி, விற்பவரின் கையொப்பம். பில் தராமல் விற்பதையே முறையற்ற வணிகமுறை என்று 2019 சட்டம் வரையறுத்திருக்கிறது. முந்தைய சட்டத்தில் இத்தனை வெளிப்படையாக இது சொல்லப்படவில்லை. அதாவது பொருளில் பழுதே இல்லாவிட்டாலும், பில் தர மறுத்ததே தனிப் புகாருக்கு உரிய காரணம்.

பில் கேட்டால் கடைகளில் வரும் பதில் நமக்கு மனப்பாடம்: “பில் போட்டா ஜி.எஸ்.டி. சேரும், பரவாயில்லையா?” உறையில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்ட எந்தப் பொருளுக்கும் இந்தப் பதில் பொருந்தாது. அந்த விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் எடையளவுச் சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டில் அதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. நகை, மரச்சாமான் போன்றவற்றில் வரி தனியாகச் சேரும் என்பது உண்மை. ஆனால் பில் இல்லாத நகையில் வரியை மிச்சம் பிடித்தவர், எடை, செய்கூலி, சேதாரம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்தே சாட்சியத்தைத் தொலைத்தவர். பதிவு பெற்ற கடைக்காரர் 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்குத் தானாக பில் போட வேண்டியதில்லை. வாங்குபவர் கேட்டுவிட்டால் அதற்கும் போட்டாக வேண்டும்.

பில்லின் அடியில் சிறிய எழுத்தில் இன்னொரு வரி இருக்கும்: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’. அதைக் காட்டித்தான் பாதிப் புகார்கள் கல்லாப்பெட்டிக்கு முன்னாலேயே அடக்கப்படுகின்றன. பழுதான பொருளைப் பொறுத்தவரை அந்த வரிக்குச் சட்டத்தின் முன் மதிப்பில்லை. பில்லில் திருப்பித்தரும் காலம் குறிக்கப்பட்டிருந்தால் அதற்குள், குறிக்கப்படாவிட்டால் 30 நாள்களுக்குள், பழுதுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகமுறை. பிரிட்டனிலும் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் பழுதுள்ள பொருளைத் திருப்பித்தந்து முழுப்பணம் பெற இதே 30 நாளை வைத்திருக்கிறது. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இந்த உரிமை கிடையாது. பழுதுக்கும் விருப்பத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை வாங்குபவரும் மதிக்க வேண்டும்.

இன்னொரு சிறிய செய்தி, ஆனால் பல வழக்குகளைக் காப்பாற்றக்கூடியது. இப்போது கடைகளில் தரப்படும் இயந்திர பில்கள் வெப்பத்தால் அச்சாகும் தாளில் வருகின்றன. பீரோவில் பத்திரமாக வைத்தாலும் சில மாதங்களில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். வாரண்டி ஓராண்டு, பில்லின் ஆயுள் அதற்கும் குறைவு. வாங்கிய அன்றே ஃபோனில் படம் பிடித்து வைக்க வேண்டும். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் இருக்கின்றனவா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். பில் கிடைக்காமலே போனவர்களும் கைவிட வேண்டியதில்லை: ஜி-பே, ஃபோன்-பே பதிவும், கடைக்காரருடன் நடந்த வாட்ஸ்ஆப் உரையாடலும், தவணைக் கம்பெனியின் கணக்குத்தாளும் சாட்சியமாக முன்வைக்கத் தக்கவையே.

ஊறுகாய் வழக்கு சொல்வது

பக்கத்து மாவட்டத்தில் நடந்த ஒரு வழக்கு இங்கே பயன்படும். 2022 நவம்பரில் விழுப்புரத்தில் ஒருவர் உறவினரின் நினைவு நாளுக்காக ஓர் உணவகத்தில் 25 பார்சல் சாப்பாடு வாங்கினார். ஒன்று 80 ரூபாய், மொத்தம் 2,000. வீட்டில் பிரித்துப் பார்த்தால் பட்டியலில் இருந்த ஊறுகாய் எதிலும் இல்லை. ஒரு பொட்டலம் ஒரு ரூபாய் என்று 25 ரூபாயைத் திருப்பிக் கேட்டார், கடைக்காரர் மறுத்தார். முறையான பில்லும் அவருக்குக் கிடைக்கவில்லை. விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது: மன உளைச்சலுக்கு 30,000, வழக்குச் செலவுக்கு 5,000, ஊறுகாய்க்கு 25. கூடவே, வாங்கிய சாப்பாட்டுக்கு உரிய பில்லையும் தர வேண்டும் என்றது. அதற்கு முந்தைய ஆண்டு, 16 பிஸ்கட் என்று உறையில் அச்சிட்டு 15 மட்டும் வைத்திருந்ததற்காக ஒரு பெரிய நிறுவனம் ஒரு லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று திருவள்ளூர் ஆணையம் உத்தரவிட்டது.

இந்தச் செய்திகளைப் படிக்கிறவர் மனத்தில் 35,000-மும் ஒரு லட்சமும்தான் நிற்கும். அவை நல்ல தீர்ப்புகள். ஆனால் நுகர்வோர் வழக்கை அதிர்ஷ்டச் சீட்டாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் அது சட்டத்துக்கே கேடு. பெரும்பாலான புகார்களில் நியாயமாகக் கிடைக்க வேண்டியது மாற்றுப் பொருள், அல்லது கொடுத்த பணம், கொஞ்சம் செலவுத் தொகை. விழுப்புரம் வழக்கில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியவை வேறு இரண்டு. சாப்பாட்டில் என்னென்ன இருக்கும் என்று அவர் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார். பிறகு, 25 ரூபாயைக் கேட்டது மறுக்கப்பட்டதும் பேச்சை நிறுத்தி எழுதத் தொடங்கினார்.

கடலூர் எவ்வளவு தூரம்?

எழுதினால் எங்கே அனுப்புவது? மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் கடலூரில் இருக்கிறது. 2020-க்கு முன்பு, விற்பவர் எங்கே இருக்கிறாரோ, அல்லது வாங்கிய இடம் எதுவோ, அங்கேதான் வழக்கு என்ற நிலை. பெங்களூரிலோ டெல்லியிலோ இருக்கும் இணைய வணிக நிறுவனத்தை நெய்வேலிக்காரர் எதிர்ப்பது அப்போது நடக்காத காரியம். இப்போது புகார்தாரர் வசிக்கும் ஊர் அல்லது வேலை பார்க்கும் ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கேயே வழக்குப் போடலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் ஒரு பைசா கிடையாது. தமிழில் எழுதலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, தானே பேசலாம், நம்பிக்கையான ஒருவரை அதிகாரம் கொடுத்து அனுப்பலாம். 2025 ஜனவரி முதல் ‘இ-ஜாக்ரிதி’ இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும் என்பது மட்டுமே கண்டிப்பு.

ஆணையத்துக்குப் போகுமுன் இரண்டு படிகள் உண்டு. முதலாவது, விற்பவருக்கு ஒரு கடிதம்: எப்போது வாங்கினேன், என்ன கொடுத்தேன், என்ன பழுது, எத்தனை முறை சொன்னேன், என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும். ஒரு பக்கம் போதும். ஸ்பீட் போஸ்ட்டில், பட்டுவாடா சான்றோடு அனுப்ப வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் கையொப்பம் வாங்க வேண்டும். இணையத்தில் வாங்கியிருந்தால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக அவர் பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. இரண்டாவது படி 1915. தமிழிலும் பேசலாம். அங்கே பதியும் புகார் சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு அனுப்பப்படுகிறது. தங்கள் பெயர் அரசுப் பதிவில் ஏறுவதை விரும்பாத பெரிய நிறுவனங்கள் பல இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. உள்ளூர்ச் சிறு கடைக்கு இந்த வழி அவ்வளவாகப் பலிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே கடிதம்தான் ஆயுதம்.

தயக்கங்களுக்குப் பதில்

வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும் என்பது முதல் தயக்கம். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 1999-இல் உத்தரப் பிரதேசத்தின் மதுராவில் ரயில் டிக்கெட்டுக்கு 20 ரூபாய் கூடுதலாக வாங்கப்பட்ட ஒருவருக்கு 2022-இல்தான் தீர்ப்புக் கிடைத்தது. சட்டம் சொல்லும் காலம், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்குக்கு மூன்று மாதம், தேவைப்பட்டால் ஐந்து மாதம். நடப்பு அதிலிருந்து வெகுவாக விலகியே இருக்கிறது. ஆணையங்களில் தலைவர், உறுப்பினர் இடங்கள் காலியாகக் கிடப்பதை உச்ச நீதிமன்றமே 2021-இல் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் தாமதத்தின் ஒரு வழியை அதே நீதிமன்றம் அடைத்திருக்கிறது. எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் ஒருநாளும் இல்லை என்று 2020 மார்ச்சில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டுக்குப் போகும் விற்பனையாளர் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டே போக முடியும். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. தாமதத்தைக் காரணம் காட்டிப் புகாரே செய்யாமலிருந்தால், காலியிடத்தை நிரப்ப வேண்டிய அரசுக்கு அந்தத் தேவையே கண்ணில் படாது.

இரண்டாவது தயக்கம் முகதாட்சண்யம். நகரியத்தில் கடைக்காரரும் வாங்குபவரும் ஒரே கோயில் திருவிழாவில், ஒரே பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் சந்தித்துக்கொள்பவர்கள். கடிதம் அனுப்பினால் பகை என்று நினைக்கிறோம். உண்மையில் உறவைக் கெடுப்பது கடைவாசலில் போடும் சத்தமும் பின்னால் பரப்பும் அவதூறும்தான். எழுதப்பட்ட புகாரில் கோபத்துக்கு இடம் குறைவு; தேதியும் தொகையும் கோரிக்கையும் இருக்கும், கடைக்காரர் அதைக் கம்பெனிக்கு அனுப்பித் தன் பங்குக்கும் நியாயம் கேட்க முடியும். இரு தரப்பும் ஒப்பினால் சமரச மையத்துக்கு அனுப்பவும் 2019 சட்டம் வழிசெய்திருக்கிறது.

மூன்றாவது, சிறு வியாபாரியை இது நசுக்கிவிடாதா என்ற கேள்வி. நியாயமான கவலை. இணைய வணிகத்தோடு போட்டியிட்டுத் திணறும் ஒரு மளிகைக்கடையும் மின்சாதனக் கடையும் ஒவ்வொரு பழுதுக்கும் கடலூருக்கு அலைய முடியாது. இதைச் சட்டம் யோசித்திருக்கிறது. பழுதான பொருளால் ஏற்பட்ட கேட்டுக்கு முதல் பொறுப்பு தயாரிப்பாளருடையது. விற்றவர் பொருளை மாற்றியிருந்தாலோ, தானே தனி உத்தரவாதம் கொடுத்திருந்தாலோ, தயாரிப்பாளர் யார் என்றே தெரியாமல் போனாலோ, இவை போன்ற நிலைகளில்தான் அந்தப் பொறுப்பு கடைக்காரர் தலையில் விழும். தயாரிப்பாளரை அடையாளம் காட்டுவதும் பில்லில் எழுதும் மாடல் எண்ணும் தொடர் எண்ணும்தான். ஆக, ஒழுங்காக பில் போடும் கடைக்கு அந்தத் தாளே கவசம். எஸ்டிமேட் சீட்டில் விற்கும் பக்கத்துக் கடையிடம் விலையில் தோற்றுக்கொண்டிருக்கும் நேர்மையான வியாபாரிதான் இந்த ஊர் பில் கேட்கத் தொடங்கினால் முதலில் பிழைப்பார்.

நான்காவது, நகரியத்துக்கே உரிய ஐயம்: வீடு, தண்ணீர், மருத்துவம் எல்லாம் வேலை கொடுத்தவரே தருகிற ஊரில் நாம் நுகர்வோரா, ஊழியரா? இதற்கு நீதிமன்றங்கள் கோடு போட்டுக் காட்டியிருக்கின்றன. சம்பளம், பணிக்கொடை, ஓய்வூதியம் போன்ற பணி நிபந்தனைத் தகராறுகளை அரசு ஊழியர் நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பணி நிபந்தனையின் ஒரு பகுதியாக வேலை கொடுப்பவர் செலவை ஏற்கும் மருத்துவ சேவை இலவச சேவை ஆகாது, அதில் குறை இருந்தால் ஊழியரும் குடும்பத்தாரும் நுகர்வோரே என்று 1995-இன் வி.பி.சாந்தா வழக்கிலேயே அது தீர்ப்பளித்துவிட்டது. இ.எஸ்.ஐ. சந்தா கட்டும் தொழிலாளிக்கும் அந்த மருத்துவமனைகளிடம் இதே உரிமை உண்டு என்று 2007-இல் கூறியது. வருங்கால வைப்புநிதி உறுப்பினரும் நுகர்வோர் என்பது 1999 தீர்ப்பு. ஒப்பந்தத் தொழிலாளிகள் குறிப்பாக இந்தக் கடைசி இரண்டையும் அறிந்திருக்க வேண்டும்.

மனை வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. சாலை, வடிகால், மின் இணைப்பு தருவதாகச் சொல்லி மனை விற்பவர் சேவை தருபவரே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமும் நுகர்வோர் ஆணையமும் இரண்டும் திறந்த கதவுகள். எதைத் தட்டுவது என்பது வாங்குபவரின் தேர்வு என்று அதே நீதிமன்றம் 2020-இல் சொன்னது. சாலை போட்டுத் தருவோம் என்ற வாய்ப்பேச்சை விளம்பரத் தாளிலோ ஒப்பந்தத்திலோ எழுத்தாக வாங்கி வைத்தவருக்கே இந்தத் தீர்ப்புகள் கைகொடுக்கும்.

நெய்வேலியில் உடனே செய்யக்கூடியவை

நகரியத்துக்குள் நிலம் நிறுவனத்துடையது. கடைகளும் அதன் அனுமதியில் நடப்பவை. எனவே பெரும்பாலான ஊர்களில் இல்லாத ஒரு கருவி நகர நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. கடை அனுமதியைப் புதுப்பிக்கும்போது, முறையான பில் தர வேண்டும், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற வரி இருக்கக் கூடாது, 1915 எண்ணைக் கல்லாவுக்கு அருகில் எழுதி வைக்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கலாம். இதற்குச் செலவு ஏதும் இல்லை. நகரியத்துக்கு வெளியே உள்ள மந்தாரக்குப்பம், இந்திரா நகர்க் கடைகளுக்கு இந்தக் கருவி எட்டாது. அங்கே வணிகர் சங்கங்கள்தாம் முன்கை எடுக்க வேண்டும்.

தொ.மு.ச., சி.ஐ.டி.யு. உள்ளிட்ட தொழிற்சங்கங்கள் இங்கே பல பதிற்றாண்டுகளாக மனு எழுதிப் பழகியவை. போனஸுக்கும் பணிநிரந்தரத்துக்கும் எழுதிய கைகள் வாரத்தில் ஒரு மாலை, ஷிஃப்ட் முடியும் நேரத்தில், சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து நுகர்வோர் புகார் எழுதித் தரலாம். சங்கத்தின் முகவரியோடு போகும் கடிதத்துக்குக் கடைக்காரரும் கம்பெனியும் பதில் சொல்லும் வேகமே வேறு. இணையதளத்தில் பதிவு செய்யத் தெரியாதவர்களுக்கு இ-சேவை மையங்கள் உதவ மாவட்ட நிர்வாகம் ஒரு கட்டணத்தை நிர்ணயித்து அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் இலவசமான புகாருக்கே இடைத்தரகர் முளைப்பார்.

பள்ளிகளில் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்கள் இருக்கின்றன. அவற்றின் வேலை மார்ச் 15-இல் உலக நுகர்வோர் நாளுக்குக் கட்டுரைப் போட்டி நடத்துவதோடு முடிகிறது. மாணவர்கள் வீட்டிலிருந்து ஒரு பில்லைக் கொண்டுவந்து, விதியில் சொன்ன விவரங்கள் அதில் எத்தனை இருக்கின்றன என்று வகுப்பில் சரிபார்க்கட்டும். தமிழ்ப் பாடத்தில் எப்படியும் கடிதம் எழுதச் சொல்லித்தருகிறோம். விடுப்பு விண்ணப்பத்தோடு ஒரு புகார்க் கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். 1998-இல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்கு மாவட்டமே திரண்டு வருகிறது. அங்கே மாவட்ட ஆணையமும் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவும் சேர்ந்து ஓர் அரங்கு அமைத்து, புகாரை அங்கேயே எழுதிப் பதிந்து தரலாம்.

மாநில அரசு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு மாவட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆணையங்களை அமைக்க 2019 சட்டம் மாநிலத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. கடற்கரையிலிருந்து உள்ளே விருத்தாசலம், திட்டக்குடி வரை நீளும் கடலூர் மாவட்டத்துக்கு அது தேவைதானா என்பதை வழக்குகளின் எண்ணிக்கையை வைத்து அரசு ஆராயட்டும். அதற்கு முன்பாக இப்போதே செய்யக்கூடியது, விண்ணப்பித்தால் காணொலியில் விசாரணை நடத்தலாம் என்று சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் வசதியை நடைமுறைக்குக் கொண்டுவருவது. மாதம் இரண்டு நாள் நகரியத்தின் ஓர் அறையில் கணினியும் ஓர் ஊழியரும் இருந்தால், இரவு ஷிஃப்ட் முடித்து வரும் தொழிலாளி காலை பத்தரை மணிக்குக் கடலூர் ஆணையத்தின் முன் தன் வழக்கைச் சொல்லிவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போகலாம். அந்த அறையைத் தர நிறுவனமும், ஊழியரைத் தர மாவட்ட நிர்வாகமும் பேசி முடிவெடுக்க வேண்டும். அதற்கான முதல் கடிதத்தைத் தொழிற்சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் சேர்ந்து இந்த மாதமே மாவட்ட ஆட்சியருக்கு எழுதலாம்.